பள்ளிவாசலுக்கு ஊர் முகம் உண்டு: ரோமானெஸ்க் தேவாலயங்களும் நம் கல்லுப்பள்ளிகளும்



சமயநல்லூரிலிருந்து பரவை, விளாங்குடி வழியாக மதுரைக்குள் நுழையும் பேருந்தில் ஜும்ஆ நாளன்று செல்வோர் வழியில் மினாராக்களைக் கண்டு மகிழலாம். அவற்றுள் பல அண்மைக் காலத்தில் சிமெண்டால் எழுப்பப்பட்டவை. உச்சியில் பச்சைக் குப்பா, இருபுறமும் உயர்ந்த மினாரா, முகப்பில் கூர்வளைவு எனப் பெரும்பாலும் ஒரே தோற்றம். பள்ளிவாசல் என்றாலே நம் பிள்ளைகள் தாளில் வரைவதும் இந்தத் தோற்றத்தைத்தான்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் ஜமாஅத் கூட்டத்திற்கு நாங்கள் அழைக்கப்பட்டிருந்தோம். அவ்வூரின் பழைய பள்ளி, கருங்கல் தூண்களின்மேல் கற்பாளங்கள் பரப்பிய தாழ்ந்த மண்டபம். அதனை முற்றாக இடித்துப் புதிய பள்ளி கட்டலாமா என்பதே அன்றைய ஆலோசனை. வெளிநாட்டில் பணியாற்றி விடுப்பில் வந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "குப்பாவும் இல்லை, மினாராவும் இல்லை. பார்க்கிறவர்கள் கோயில் மண்டபமா என்று கேட்கிறார்கள் மாமு. பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்றார். வரிசையின் கடைசியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "எங்க அத்தாவும் அவங்க அத்தாவும் சுஜூது செய்த இடம் தம்பி" என்று மட்டும் சொன்னார். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது.

இல்லத்திற்குத் திரும்பிய பின்னும் அந்த இளைஞரின் சொல் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை. இஸ்லாத்திற்கென ஒரே கட்டட முகம் உண்டா? கல்தூண் மண்டபத்தில் தொழுத நம் முன்னோர் ஏதேனும் குறை வைத்துவிட்டனரா? இக்கேள்வியை நம் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பேசினால் உணர்ச்சி முந்திக்கொள்ளும். ஆகவே, இதே கேள்வி இன்னொரு சமயத்தாரின் வரலாற்றில் எவ்வாறு விடை பெற்றது என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு நம் ஊருக்குத் திரும்புவோம்.

ஒரே வழிபாடு, பல முகங்கள்

கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் மேற்கு ஐரோப்பாவெங்கும் கிறித்தவ ஆலயங்கள் பெருமளவில் கட்டப்பட்டன. அவற்றின் பாணியை இன்று ரோமானெஸ்க் என்று அழைக்கின்றனர். ரோமானியச் சாயல் கொண்டது என்பது பொருள். இப்பெயரைச் சூட்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அறிஞர்கள். ஆலயங்களைக் கட்டிய கொத்தர்கள் இப்பெயரைக் கேட்டதே இல்லை. ஊரில் கிடைத்த கல்லையும், தந்தையிடம் கற்ற தொழிலையும் கொண்டு அவர்கள் கட்டினார்கள்.

இப்பாணியின் பொது அடையாளங்கள் அரைவட்ட வளைவும் தடித்த சுவரும் சிறிய சாளரங்களும் ஆகும். இவற்றுக்குக் காரணம் உண்டு. பழைய ஆலயங்களின் மரக்கூரைகள் அடிக்கடி தீக்கிரையாயின. ஆகவே கூரையையும் கல்லாலேயே வளைத்துக் கட்ட முற்பட்டனர். நீளவாக்கில் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற அக்கற்கூரை, கீழே அழுத்துவதோடு பக்கச் சுவர்களை வெளிப்புறமாகவும் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிக்க வேண்டும். சுவரில் பெரிய சாளரம் திறந்தால் வலு குன்றும். உள்ளே நிலவும் மங்கலான ஒளிக்கு இதுவே காரணம். பின்னர் இரு வளைகூரைகளைக் குறுக்கே இணைத்து, பாரத்தை நான்கு மூலைகளுக்கு இறக்கக் கற்றனர். இங்கிலாந்தின் டர்ஹாம் நகரில் 1093இல் தொடங்கிய பேராலயத்தில் கல் விலா எலும்புகள் போன்ற வரிகள் கூரையைத் தாங்கின. அடுத்து வந்த கூர்வளைவுப் பாணிக்கு அது வழி திறந்தது.

இவை பொதுவானவை. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் ஆலயத்தின் முகம் வேறு. ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயம் 1030ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பட்டது. செந்நிற மணற்கல்லால் ஆனது, நான்கு கோபுரங்கள் உடையது. வடஇத்தாலியின் போ நதிச் சமவெளியில் செங்கல் மரபு வேரூன்றியிருந்தது. மிலான் நகரின் புனித அம்புரோஸ் ஆலயம் செங்கல்லால் எழுந்தது. பீசா நகரில் பளிங்குக்குக் குறைவில்லை. அங்குள்ள பேராலயத்தின் முகப்பில் பளிங்குத் தூண் வரிசைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பிரான்சின் லெ பூய் நகரம் எரிமலைப் பகுதியில் இருப்பதால் அங்கே கரிய கல்லும் வெளிர்க்கல்லும் மாறி மாறி வரும் பட்டைகள். பெரிகே நகரின் ஆலயத்திற்கு ஐந்து குப்பாக்கள். நார்வேயில் மரமே மிகுதி. ஊர்னெஸ் என்னும் சிற்றூரில் 12ஆம் நூற்றாண்டின் ஆலயம் முழுவதும் மரத்தால் ஆகி, செதுக்கிய கதவுச் சட்டங்களோடு இன்றும் நிற்கிறது.

இவை அனைத்திலும் வழிபாடு ஒன்றே. வழிபாட்டு மொழியும் இலத்தீன் ஒன்றே. பளிங்கில் கட்டியவர் மரத்தில் கட்டியவரைப் பார்த்து நீர் எம் சமயத்தவர் அல்லர் என்று சொல்லவில்லை. மேலும், ரோமானியரின் நீதிமன்றமாகவும் வணிகக் கூடமாகவும் விளங்கிய நீண்ட மண்டபமே கிறித்தவ ஆலயத்தின் அடிப்படை வடிவம் ஆயிற்று. ஒரு மண்டபம் யாருக்கு உரியது என்பதை அதில் நிகழும் வழிபாடே தீர்மானித்தது.

அவர்கள் நம்மிடம் கற்றவை

நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. அந்த ஆலயங்கள் பலவற்றில் முஸ்லிம் கைவினைஞரின் முத்திரை பதிந்திருக்கிறது. சிசிலித் தீவை முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றிய நார்மன் அரசர்கள், பலெர்மோ நகரில் தங்கள் அரண்மனைக்குள் ஒரு தேவாலயம் கட்டினர். 1140இல் திறக்கப்பட்ட அதன் நடுக்கூடத்தின் மரக்கூரை, தேன்கூடு போல் அடுக்கடுக்காகத் தொங்கும் முகர்னஸ் வேலைப்பாட்டால் ஆனது. அதில் கூஃபி எழுத்தில் அரபு வாசகங்கள் உள்ளன. ஹஜ்ஜை முடித்துக்கொண்டு அந்தலூசியாவுக்குத் திரும்பிய பயணி இப்னு ஜுபைர், மெசினா அருகே கப்பல் சேதமுற்று, 1184ஆம் ஆண்டின் இறுதியில் பலெர்மோ வந்தார். அங்கிருந்த மற்றொரு தேவாலயத்தின் அழகை அவர் தம் பயண நூலில் வியந்து எழுதியிருக்கிறார். தம் ஈமானில் உறுதியாக இருந்தவர்தான், பிற சமயத்தாரின் கட்டட அழகை மறைக்காமல் பதிவு செய்தார்.

பீசா பேராலயத்தின் கதை சற்றுக் கசப்பானது. 1063இல் பலெர்மோவின் மீது நடத்திய தாக்குதலில் கிட்டிய செல்வம் அதன் கட்டுமானத்திற்கு உதவியது. முஸ்லிம் கைவினைஞர் வார்த்த வெண்கலச் சிறகு விலங்கு ஒன்று, அரபு வாழ்த்து வாசகத்தைத் தன் உடலில் தாங்கியபடி பல நூற்றாண்டுகள் அவ்வாலயக் கூரைமேல் நின்றது. இப்போது அருங்காட்சியகத்தில் உள்ளது. லெ பூய் பேராலயத்தின் பழைய மரக்கதவுகளில் கூஃபி எழுத்தைப் பின்பற்றிய ஓர அலங்காரம் செதுக்கப்பட்டுள்ளது. இவற்றால் அவர்களின் ஆலயம் பள்ளிவாசல் ஆகிவிடவில்லை. தொழில் கைமாறியது, வழிபாடு மாறவில்லை.

நாமும் அவ்வாறே பிறரிடம் கற்றோம். குர்துபாப் பெரிய பள்ளியை 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியபோது, பழைய ரோமானியக் கட்டடங்களின் தூண்கள் பல அதில் பயன்பட்டன. குப்பாவோ நம் சமுதாயத்திற்கும் மூத்தது: கான்ஸ்டாண்டிநோபிளின் அயா சோபியா தேவாலயம் தன் பெருங்குப்பாவோடு கட்டி முடிக்கப்பட்டது 537இல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன்பே அது வானளாவ நின்றது.

மதீனாவிலிருந்து நம் கரை வரை

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் சேர்ந்து கட்டிய பள்ளியை நினைவுகூர்வோம். சுடாத மண்கல் சுவர், பேரீச்ச மரத் தூண்கள், பேரீச்ச ஓலைக் கூரை. அதில் குப்பா இல்லை, மினாராவும் இல்லை. பிலால் (ரலி) அவர்கள் அருகிலிருந்த வீட்டின் மேலிருந்து பாங்கு சொன்னார்கள். சுவரில் குழிந்த மிஹ்ராப், நபியவர்களுக்குச் சுமார் எண்பது ஆண்டுகளுக்குப் பின், கலீஃபா வலீதின் ஆட்சியில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் அப்பள்ளியை விரிவுபடுத்தியபோது அமைந்தது என்பர். ஆக, பள்ளிவாசலுக்குத் தேவையானவை தூய்மையான இடமும், கிப்லாவின் திசையும், தோளோடு தோள் நிற்கும் வரிசையும், உருவங்களற்ற சூழலும் ஆகும். ஏனையவை நாட்டுக்கும் காலத்திற்கும் ஏற்ப அமைந்தவை.

இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். அகமதாபாத் ஜும்ஆப் பள்ளி 1424இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் 260 தூண்கள் குஜராத்தியச் சிற்பியரின் கைவண்ணம். வங்காளத்தின் பழைய பள்ளிகளில் கூரை விளிம்பு வளைந்து இறங்குகிறது. மூங்கில் குடிசையின் சாயலை அது செங்கல்லில் காட்டுகிறது. காஷ்மீரில் தேவதாரு மரமே தூணும் கூரையும் ஆயிற்று. கோழிக்கோட்டின் மிஸ்கால் பள்ளி, கேரள மழைக்கேற்ப அடுக்கடுக்கான ஓட்டுக்கூரையும் மரவேலையும் கொண்டது. 1510இல் போர்த்துகீசியர் அதற்குத் தீயிட்டனர். பின்னர் அதே பாணியில் சீரமைத்து இன்றளவும் தொழுகை நடந்து வருகிறது. மழை மிகுந்த நாட்டில் மரமும் சரிந்த கூரையும் என்னும் தீர்வை நார்வேக் கிறித்தவரும் மலபார் முஸ்லிமும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டடைந்தனர்.

நம் தமிழ் மண்ணில் கிடைத்தது கருங்கல். காயல் துறைமுகத்தில் ஹுர்முஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்து இறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். வணிகம் கடல் வழியே வந்தது. தூண் செதுக்கிய உளியோ இந்த மண்ணைச் சேர்ந்தது. காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் பழைய பள்ளிகள் தூணும் உத்திரமும் என்னும் தமிழ் முறையில் எழுந்தன. ஐரோப்பியக் கொத்தர் கல்லை வளைத்தார். தமிழ்ச் சிற்பி கல்லைப் படுக்க வைத்தார். படுத்த கற்பாளம் நீண்டுவிட்டால் தன் பாரத்தாலேயே முறியும். ஆகவே தூண்கள் நெருங்கி நிற்க, அவற்றின் தலையில் போதிகை கை நீட்டி உத்திரத்தைத் தாங்குகிறது. பக்கவாட்டுத் தள்ளுவிசை இம்முறையில் இல்லை. சுவர் தடிக்கவும் தேவையில்லை. ரோமானெஸ்க் ஆலயம் இருண்டிருக்க, காற்று உலவும் திறந்த மண்டபங்களை நம்மவர் கட்ட முடிந்தது இதனால்தான். வெயில் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை.

கீழக்கரை ஜும்ஆப் பள்ளி 17ஆம் நூற்றாண்டினது. வள்ளல் சீதக்காதி என்று தமிழகம் போற்றும் ஷைகு அப்துல் காதிர் மரைக்காயருடன் இணைத்துப் பேசப்படுவது. அதன் தூண்களைக் கண்டவர்கள் தமிழ்ச் சிற்பியின் கையை உடனே அறிந்துகொள்வர். பூவும் கொடியும் தாமரை இதழும் அங்கே உண்டு, உருவம் இல்லை. கோயில் மண்டபத்தில் தெய்வ உருவம் இடம்பெறும் தூணில், இங்கே அதே சிற்ப மரபு மலரைச் செதுக்கியது. சிற்பி தம் தொழிலைக் கைவிடவில்லை. நாமும் நம் வரம்பைக் கைவிடவில்லை. இந்த உடன்பாட்டை எழுதி வைத்த ஏடு ஏதும் தேவையில்லை, தூணே சாட்சி.

மதுரைக்கு வருவோம். காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசல், யமனிலிருந்து வந்த காஜி சையித் தாஜுத்தீன் அவர்களால் 13ஆம் நூற்றாண்டில், பாண்டிய மன்னர் அளித்த நிலத்தில் எழுந்தது என்பது மதுரை மக்களின் மரபு. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவின் அகன்ற குப்பா நிற்கிறது. அதன் கல் அழகர் மலையிலிருந்து வந்தது என்றும், ஒரே கல்லால் ஆனது என்றும் ஊரார் சொல்வர். 'கோர்' என்னும் பாரசீகச் சொல் கப்ரைக் குறிப்பது. ஊர்ப்பெயரின் பின்பகுதியோ தமிழ். பாண்டியர் காலந்தொட்டு அத்தர்காவுக்கு உரியனவாக இருந்த கிராமங்களை, 16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கர் உறுதி செய்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கல்லில் எழுதி வைத்ததால்தான் இச்செய்தி நம் கைக்கு வந்து சேர்ந்தது.

பின்னாளில் வேறு முகங்களும் வந்தன. ஆற்காட்டு நவாபின் குடும்பத்தார் 1795இல் சென்னையில் எழுப்பிய வாலாஜா பெரிய பள்ளி, வடநாட்டு முகலாயச் சாயலைக் கருங்கல்லில் கொணர்ந்தது. நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்த சூலியா முஸ்லிம்கள், 1820களின் இறுதியில் சிங்கப்பூரில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்பினர். ஊரின் முகத்தைத் தங்களோடு எடுத்துச் சென்றனர். எனவே குப்பாவும் மினாராவும் நமக்கு அந்நியம் என்று எவரும் சொல்ல முடியாது. அவை நம் முகங்களில் சில. கல்தூண் மண்டபம் அவற்றினும் மூத்த முகம்.

இடிப்பதற்கு முன்

பிரான்சின் குளூனி மடத்தார் 1088இல் தொடங்கிக் கட்டிய ஆலயம், நூற்றாண்டுகள் பலவும் கிறித்தவ உலகிலேயே பெரிதாக விளங்கியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அது விற்கப்பட்டு, கல் எடுக்கும் குவாரியாகப் பயன்பட்டது. இன்று நிற்பது அதன் ஒரு சிறு பகுதியே. மாறாக, ஸ்பெயினின் வடக்கே பிரனீசு மலையிடுக்கில் போய் என்னும் பள்ளத்தாக்கில் ஒன்பது சிறிய ரோமானெஸ்க் ஆலயங்கள் பிழைத்தன. அவற்றுள் ஒன்று 1123இல் திறக்கப்பட்டது. அவை பெரிதும் மாறாமல் நின்றதற்கு அம்மலைச் சிற்றூர்களின் தனிமையும் எளிமையும் துணை நின்றன. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

நம் சிற்றூர்களின் கல்லுப்பள்ளிகளையும் இதுநாள்வரை நம் ஏழ்மையே காத்து வந்தது. இன்று அல்லாஹ்வின் அருளால் நம் பிள்ளைகள் வெளிநாடுகளில் உழைத்து அனுப்பும் பொருள் ஊர்களை வந்தடைகிறது. அது பெரும் நிஃமத். அதே பொருள் கடப்பாரையாகவும் மாறிவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

இடிக்க வேண்டும் என்போரின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மக்கள் தொகை பெருகிவிட்டது. ஜும்ஆவில் தெருவில் நின்று தொழ நேரிடுகிறது. நெருங்கிய தூண்கள் தொழுகை வரிசையை முறிக்கின்றன. தூண்களிடையே வரிசை முறிவதைத் தவிர்க்கவே மார்க்க அறிஞர்கள் அறிவுறுத்துவர். பெண்களுக்கும் முதியோருக்கும் தனி வசதி வேண்டும். இவை உண்மையான தேவைகள். ஆனால் இத்தேவைகளில் எதுவும் பழைய மண்டபத்தை இடிக்கச் சொல்லவில்லை. இடம் வேண்டும் என்றே சொல்கின்றன. கிப்லா மதுரையிலிருந்து மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து அமைவதால், நம் பள்ளிகளின் வாசல் பெரும்பாலும் கிழக்கில் இருக்கிறது. அந்தக் கிழக்குப் புறத்தில் தூணற்ற அகன்ற கூடத்தைச் சேர்த்தால் வரிசைகள் தடையின்றி நீளும்; பழைய மண்டபம் முன் வரிசைகளுக்கு நிற்கும்.

மறுமுறை கூட்டம் கூடியபோது நாங்கள் இவற்றையே எடுத்துரைத்தோம். இடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் நான்கு காரியங்களைச் செய்யும்படி வேண்டினோம். முதலாவது, மண்டபத்தின் அளவுகளைக் குறித்து, ஒவ்வொரு தூணையும் படம் எடுத்து வைப்பது. இரண்டாவது, தூண்களின்மேல் ஆண்டாண்டாய்ப் பூசிய பெயிண்டை மெல்ல அகற்றி, தமிழிலோ அரபியிலோ அரபுத் தமிழிலோ எழுத்து உண்டா எனத் தேடுவது. எழுத்து தென்பட்டால் தொல்லியல் துறையினரை அழைத்துப் படிக்கச் செய்வது. மூன்றாவது, சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவரின்மேல் சிமெண்ட் பூசாதிருப்பது. சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை அரித்துவிடும். நான்காவது, ஊரின் மூத்தோரிடம் பள்ளியின் வரலாற்றைக் கேட்டு எழுதி வைப்பது.

முதலில் எதிர்த்துப் பேசிய அந்த இளைஞரே தூண்களைப் படம் எடுக்க முன்வந்தார். மூன்று நாட்கள் கழித்து அவர் எங்களுக்கு அனுப்பிய படங்களில் ஒன்றில், பச்சைப் பெயிண்டின் அடியில் எட்டிதழ்த் தாமரை ஒன்று தெரிந்தது. "மாமு, இத்தனை வருசம் இதில் சாய்ந்துகொண்டுதான் ஓதினேன், பார்த்ததே இல்லை" என்று அதன்கீழ் எழுதியிருந்தார். பள்ளியின் முடிவு இன்னும் எட்டப்படவில்லை. அடுத்த கூட்டம் ரமலானுக்குப் பின் என்று அறிவித்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் இத்தகைய கல்லுப்பள்ளி ஒன்று இருக்கக்கூடும். வரும் ஜும்ஆவில் பிள்ளைகளைச் சற்று முன்னதாகவே அழைத்துச் செல்லுங்கள். சுன்னத் தொழுத பின், குத்பாவுக்கு முன், ஒரு தூணின் அருகே நிறுத்தி அதன் போதிகையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செதுக்கியவர் யார், இதன் நிழலில் யாரெல்லாம் தொழுதார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். விடை தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கும்போதே அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.